இரண்டு வருடத் தாமதம்

பஸ் டிரைவருக்கு ஒரே மகள். வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதும் கிடையாது.

"என்னை மாதிரியே அழுத்தக்காரி. காதுல விழும், கண்டுக்க மாட்டா" என்று சிரிப்பார் அவர். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம்தான், பிள்ளை இல்லாமல் இறந்துபோன ஒரு பணக்கார அம்மாள் தன் சொத்து முழுவதையும் ஊர்க் குழந்தைகளுக்கு எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. அதில் காது பரிசோதனை மையம் ஒன்று எழும்பியது. கருவி, பேச்சுப் பயிற்சி, பெற்றோருக்கு வழிகாட்டல் எல்லாமே இலவசம். பஸ் நிறுத்தமே அதன் வாசலில்தான்.

"ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க."

"யாரோ போட்ட தர்மத்துல என் பொண்ண வளக்கணுமா? நான் என்ன கையாலாகாதவனா? அவளா பேசுவா, விடு."

இரண்டு மாதம் கெஞ்சிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருடம் அவர் ஊரார் பிள்ளைகளை அந்த வாசலில் இறக்கிவிட்டார். அவர்களில் ஒருத்திக்குக் குட்டியின் வயதுதான். ஆரம்பத்தில் தாயின் தோளில் சத்தமே இல்லாமல் கிடந்தவள், ஒருநாள் இறங்கும்போது திரும்பி, "மாமா, நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, வண்டி இங்கயே குடியிருக்கப் போகுதா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தும்வரை கதவைக்கூட மூடவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மனைவியோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பரிசோதித்த டாக்டரம்மா கோபப்படவில்லை.

"மையம் திறந்தப்பவே வந்திருக்கலாமே சார். பேச்சைப் பிடிச்சுக்கற வயசு அது. இப்பவும் வரும். ஆனா ரொம்பப் பாடுபடணும்."

"இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியலம்மா" என்றார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவி மாட்டிய அன்று, நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கே குட்டி வீறிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது ஏழு வயது. நாற்பது சொற்கள்போல வருகின்றன. பள்ளியில் மற்ற பிள்ளைகள் வாயாடும்போது ஒதுங்கி நிற்கிறாள். வாரம் மூன்று நாள் அவரே பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார். கண்ணாடிமுன் அவளோடு உட்கார்ந்து, உதட்டைக் குவித்தும் விரித்தும் காட்டுகிறார்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் மனைவியிடம் கேட்டுவிட்டார். "அப்பவே என்னை மீறி நீ கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அதத்தான் நானும் தினம் என்னையே கேட்டுக்கறேன்."

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.