போர்டில் ஏறிய பேர்

சைனப்புக்கு வந்தது சும்மா வந்த கோபம் இல்லை. முந்தின நாள் அவள் வைத்த மீன்குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றவன், மறுநாள் காலையில் பண்டார் கடை வாசலில் காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்த்தே "உங்க பேர் என்ன?" என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

கேட்டவன் இசக்கிப்பாண்டி, அந்தக் கடைக் காவல்காரன். தாராவியில் சைனப் நடத்தும் மெஸ்ஸில்தான் மூன்று வருஷமாக அவனுக்கு இரண்டு வேளைச் சோறு. பம்பாய்க்கு வந்த புதிதில் ஊருக்கு மணியார்டர் அனுப்ப ஃபாரம் நிரப்பத் தெரியாமல் முழித்தபோது ஆள் பிடித்துக் கொடுத்தவள் அவள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்து அனுப்பியவளும் அவள்தான். இன்றைக்கு அவனுக்கு அவள் பேர் தெரியவில்லையாம்.

"என்னலே, வெளையாடுதியா?" என்றாள்.

"பேரு சொல்லுங்கக்கா. ரூல்ஸு."

அவன் கண் பின்பக்கம் போய் வந்தது. அங்கே நாற்காலி போட்டு மேனேஜர் ஜகந்நாதன் உட்கார்ந்திருந்தார். அதற்குத்தான் இந்த அதிகாரக் குரல்.

லோக்மித்ர பண்டார் என்று பேர். செம்பூரில் ஒரு பழைய கோடவுனில் நடந்த கூட்டுறவுக் கடை. அரிசி மூட்டையாகத்தான், எண்ணெய் டின்னாகத்தான் கிடைக்கும். பத்து ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கினால் போட்டோ ஒட்டின பச்சைக் கார்டு ஒன்று தருவார்கள். அது கையில் இல்லாதவர் வாசற்படி தாண்ட முடியாது. நாற்பது பேருக்கு இரண்டு வேளை வடித்துக் கொட்டுகிற சைனப் இரண்டு வருஷமாக அங்கேதான் மாதச் சாமான் வாங்குகிறாள். இதுவரை வாசலில் கார்டின் நிறத்தைத் தவிர யாரும் எதையும் பார்த்ததில்லை. அந்த வருஷம், எண்பத்துமூன்றில், பண்டாரில் மட்டும் மலிவாகப் பாமாயில் வந்தது. உடனே ஊரெல்லாம் இரவல் கார்டு. ஒரே கார்டில் ஒரு சால், அந்த வரிசைவீட்டுக் குடித்தனம் முழுக்க, சாமான் வாங்கியது. கமிட்டி கூடி, இனிமேல் முகத்தையும் பேரையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டது. அதிலே சைனப்புக்கு ஒரு குறையும் இல்லை. சொந்தக் கார்டு வைத்திருக்கிறவளுக்கு என்ன பயம்?

"சைனப்," என்றாள்.

இசக்கிப்பாண்டி கார்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜகந்நாதன் எழுந்து வந்து கார்டைப் பறித்துக்கொண்டார்.

"இதுல மெஹராஜ்னு போட்டிருக்கே. யார் கார்டு இது?"

சைனப்புக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "மெஹராஜ் என் கொழுந்தன் பொண்டாட்டி சார். போட்டா என்னதுதானே, பாருங்க," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அதைவிட வில்லங்கமான பதில் அந்த இடத்தில் இருந்திருக்க முடியாது.

"ஓஹோ, அப்படியா சமாசாரம்? அவ கார்டுல உன் போட்டோவை ஒட்டிண்டு வந்திருக்கே. எத்தனை நாளா நடக்கறது இந்த வேலை?"

மாட்டுங்காக்காரர், நம்ம பாஷை பேசுகிறவர் என்று இரண்டு வருஷமாக அவருக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இருந்த மராத்திக்காரிகளும் குஜராத்திகளும் வேடிக்கை பார்த்தார்கள். சைனப் இசக்கிப்பாண்டியின் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நான் யாருன்னு சொல்லு. இது என் கார்டுன்னு சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரூல்ஸுக்கா," என்றான்.

கார்டு போயிற்று. வெறும் பையோடு வீட்டுக்குப் போக சயான் பஸ் ஏறினாள்.

அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை கரீம் பாட்சா மெஸ்ஸுக்கு வந்தார். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். அவருடைய ஆட்கள் பதினைந்து பேருக்கும் சைனப் வீட்டுச் சோறுதான். அவருக்கும் பண்டார் கார்டு உண்டு.

"பண்டார் வாசல் போர்டுல உன் பேரு இருக்கே தங்கச்சி. போலி கார்டு, சைனப், தாராவின்னு இங்கிலீஷ்லயும் மராத்தியிலயும் கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நான் ஒண்ணும் நம்பல. ஆனா பசங்க பேசுறானுங்க. கார்டுலயே இப்படின்னா எண்ணெயில எப்படியோங்கிறானுங்க. அந்தப் பேரு அங்கேருந்து எறங்கட்டும், அப்புறம் சோறு அனுப்பு."

பெரிய மனுஷர், பதமாகத்தான் சொன்னார். சைனப் மெஸ் என்று அவள் பேரைச் சொல்லித்தான் அந்தச் சந்தில் ஆட்கள் வழி கேட்டு வருவார்கள். அந்தப் பேரைத்தான் சாக்பீஸால் எழுதித் தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள். பதினைந்து பேர் இன்றைக்கு நின்றால் மற்ற இருபத்தைந்து பேர் நாளைக்கு நிற்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள். களைந்த தண்ணீரோடு அரிசியையும் சேர்த்துக் கொட்டிவிட்டு, அதற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

புருஷன் ஷாகுல் ஹமீது, "விட்டுத் தொலை. வேற கடையே இல்லையா பம்பாயில?" என்றான்.

"கடை இருக்கு. வேற பேரு இருக்கா எனக்கு?" என்று அவள் கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு தேவ்நாரிலிருந்து மெஹராஜ் தன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மெஸ்ஸில் சாப்பிடுகிற அபுதாஹிர் ஒரு தோல் கம்பெனியில் பில் எழுதுகிறவன். இங்கிலீஷ் படிப்பான். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெஹராஜக்கா, போட்டா உங்களோடது. பேரு சைனப்னு போட்டிருக்கு," என்றான்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்த்தான் பங்கு வாங்கினார்கள். இரண்டு ஃபாரம், இரண்டு போட்டோ, இரண்டிலும் முக்காடு போட்ட பெண். ஜகந்நாதன் எது யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கைக்கு வந்ததை ஒட்டி, முத்திரை குத்தி, இரண்டு கார்டையும் மேஜைமேல் போட்டார். இவர்களுக்குப் பேரைப் படிக்கத் தெரியாது. அவரவர் முகம் இருந்த கார்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். வேறு எதை எடுப்பார்கள்?

"இங்க பாருங்க," என்றான் அபுதாஹிர். "ஸ்டாம்பு பாதி போட்டாமேல, பாதி கார்டுமேல விழுந்திருக்கு. கையெழுத்தும் அப்படித்தான் ஓடுது. பிச்சு ஒட்டியிருந்தா இது கூடுமா? உங்க கார்டும் இப்படித்தான் இருக்கும். அந்தாளு ஒரு தடவை உத்துப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

சைனப் உட்கார்ந்துவிட்டாள். தான் போலி எதுவும் செய்யவில்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் தப்புச் செய்தவனே சாக்பீஸைக் கையில் எடுத்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது. "பாவி," என்றாள்.

"லாத்தா, ஞாயித்துக்கிழமை போவோம். அன்னைக்குத்தான் கூட்டம் இருக்கும்," என்றாள் மெஹராஜ். ஓரகத்திதான் என்றாலும் கூடப்பிறந்த அக்காவைப்போல லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். "நான் பேசுதேன். நீங்க பேசுனா அழுதுருவீக."

அது நிஜம். சைனப்புக்குக் கோபம் முற்றினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதைப் பார்க்கிறவர்கள் பயந்து அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அது அவளுக்கு இன்னும் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை பாமாயில் வரிசை தெரு முனைவரை நின்றது. போர்டு வாசலுக்கு இடது பக்கம் சாய்த்து வைத்திருந்தது. சைனப் அதைப் பார்த்தாள். அதில் எது தன் பேர் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

மெஹராஜ் நேரே ஜகந்நாதன் முன்னால் போய் நின்றாள். பம்பாயில் வளர்ந்தவள், ஹிந்தியில் பிளந்து கட்டுவாள். "சாப், ஹம் சோர் ஹை க்யா?" நாங்கள் என்ன திருடர்களா என்று ஆரம்பித்து, கார்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்து, முத்திரையையும் கையெழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். வரிசை முழுக்கக் கேட்டது. சைனப் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

ஜகந்நாதன் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேஜை டிராயரிலிருந்து செவ்வாய்க்கிழமை பறித்த கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. புரிந்துவிட்டது மனுஷருக்கு.

"உள்ள வாங்கோ. உக்காந்து பேசிக்கலாம்," என்றார். செவ்வாய்க்கிழமை 'உன்', இன்றைக்கு 'வாங்கோ'.

"நீங்க எழுதுனது வெளியில. பேச்சும் வெளியிலயே இருக்கட்டும்," என்றாள் மெஹராஜ்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்கோ சைனப்," என்றார், மெஹராஜைப் பார்த்து.

மெஹராஜ் வாயைத் திறந்தாள். சைனப் பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பேசட்டும், இந்த மனுஷன் இன்னும் பேசட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"ஏதோ கவனக்குறைவு. ரெண்டு பக்கமும்தான். நீங்க வாங்கறச்சேயே பாத்துச் சொல்லிருக்கணுமோல்லியோ? தப்பு உங்களோடதுன்னு ஒரு லெட்டர்ல கைநாட்டு வெச்சுக் குடுத்துடுங்கோ. நான் போர்டை அழிச்சுடறேன். கமிட்டிக்கு எனக்கும் ஒரு காகிதம் வேணும் பாருங்கோ. செவ்வாக்கிழமை உங்க கையிலேர்ந்து கார்டை வாங்கறச்சே எனக்கே மனசு கேக்கலை. உங்க முகம் அப்படியே நெஞ்சுல நிக்கறது, சைனப்."

மெஹராஜ் சிவப்பு, குட்டை, இருபத்தாறு வயசு. சைனப் கறுப்பு, மெஹராஜைவிட ஒரு சாண் உயரம், நாற்பதைத் தொட்டவள், முன்பல் ஒன்று பாதி உடைந்தது. இந்த இரண்டு முகங்களில் எது நெஞ்சில் நிற்கிறதாம்? ஐந்து நாளைக்கு முன்னால் கையிலிருந்து கார்டைப் பிடுங்கி, பேரை எழுதித் தெருவில் வைத்த மனுஷன். அவள் சோற்றில் மண்ணைப் போட்டவன். அவள் யாரென்றே அவனுக்குத் தெரியாது.

சைனப் முன்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வந்தால் வரட்டும். ஜகந்நாதனிடம் பேசவில்லை. வாசலில் நின்றவனிடம் பேசினாள்.

"ஏலே இசக்கி. அன்னைக்கு வாய்க்குள்ள வச்சுக்கிட்டியே, இன்னைக்காவது சொல்லு. யாரு சைனப்?"

இசக்கிப்பாண்டி மேனேஜரைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சார், நீங்க பேசிட்டிருக்கது மெஹராஜக்கா. இவுகதான் சைனப் அக்கா. அன்னைக்கு வந்ததும் இவுகதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

வரிசையில் தமிழ் தெரிந்த ஒரு மாமி, ருக்கு என்று பேர், அதை அப்படியே ஹிந்தியில் பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். அது ஒருத்தி வாயிலிருந்து இன்னொருத்தி வாய்க்குத் தெரு முனைவரை போயிற்று. யாரோ சிரித்தார்கள். ஜகந்நாதன் காதெல்லாம் சிவந்துபோய் நின்றார்.

"அழிடா அதை," என்றார் இசக்கிப்பாண்டியிடம்.

"அவன் எழுதல," என்றாள் சைனப்.

அவரே போனார். துணி கிடைக்கவில்லை, கைக்குட்டையால் துடைத்தார். இங்கிலீஷில் ஒரு வரி, மராத்தியில் ஒரு வரி. சாக்பீஸ் தூள் வேட்டியெல்லாம் கொட்டியது. சைனப் முழுசாக அழிகிறவரைக்கும் நின்று பார்த்தாள். கரீம் பாட்சா வரிசையில் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொண்டாள். இருந்தார். தலையை ஆட்டினார். நாளைக்கு அவர் ஆட்களுக்குச் சோறு போகும். ஆனாலும் அவளுக்குக் கோபம் ஒரு துளி இறங்கவில்லை. அழித்தால் ஆயிற்றா?

"ரெண்டு நிமிஷம். புதுக் கார்டே போட்டுத் தந்துடறேன்," என்று ஜகந்நாதன் வாசல் மேஜையில் உட்கார்ந்தார். இரண்டு பேர் போட்டோவிலும் ஸ்டூடியோக்காரன் அப்போது கொடுத்த மிச்சப் பிரதிகளை மெஹராஜ் கொண்டுவந்திருந்தாள். அவர் இரண்டு புதுக் கார்டில் இரண்டு பேரை எழுதினார். பசை தடவினார். ஒரு போட்டோவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து மெஹராஜைப் பார்த்தார், சைனப்பைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். இவ்வளவுக்கும் அப்புறம் அவர் கை இரண்டு கார்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

"இதுல... நீங்க எது?" என்றார்.

சைனப் அந்தப் போட்டோவை அவர் விரலிலிருந்து உருவினாள். மேஜையில் கிடந்த தன் போட்டோவைத் தானே பொறுக்கினாள். "எது என் பேரு?" என்று இசக்கிப்பாண்டியைக் கேட்டாள். அவன் விரல் வைத்துக் காட்டினான். அத்தனை பேர் பார்க்க, அந்தப் பேருக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்து, நாலு மூலையும் பிடிக்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். மெஹராஜுடையதையும் அவளே ஒட்டினாள்.

பிறகு இரண்டு கார்டையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்பதான் சார் போட்டாவை நானா ஒட்டிருக்கேன். இப்ப எழுதுங்க போர்டுல."

ஜகந்நாதன் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். அதைக் குத்த இரண்டு தடவை வேண்டியிருந்தது, முதல் தடவை சரியாக விழவில்லை.