மழித்த முகத்தோடு ஒரு டத்துக்

ஜுல்பஹ்ரி கண்ணாடி முன்னால் நின்று மேலுதட்டில் நுரையைத் தடவினார். துடைத்தார். மறுபடி தடவினார். மூன்றாவது முறையும் துடைக்கப் போனபோது மனைவி யுஸ்னிமார் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"பத்து மணிக்கு நேர்காணல். உள்ள மீசைய மழிக்கிறீங்களா, இல்ல அதோட பேச்சுவார்த்தை நடத்துறீங்களா?"

"நேர்த்தியான தோற்றம் வேணும்னுதான் போட்டிருக்கான். மீசை கூடாதுன்னு எங்க போட்டிருக்கான்?"

"ஓட்டல்காரன் பாஷையில நேர்த்தின்னா வழுவழுன்னு அர்த்தம். அங்க வேலை பாக்குற ஆளுங்க மூஞ்சியப் பாத்ததில்ல? எல்லாம் உரிச்ச முட்டை."

ஜுல்பஹ்ரிக்கு ஐம்பத்தேழு வயது. புக்கிட்டிங்கியிலிருந்து பாடாங்குக்கு ஓடிய ஒரு பேருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் சீட்டு எழுதியவர். கம்பெனியை மூடி ஒரு வருடமாகிறது. அந்த ஊர் வழக்கத்தில் மனைவி வீட்டில் புருஷன் என்பவன் விருந்தாளிதான். வீடும் நிலமும் பெண்களுடையவை. காலையில் வேலைக்குக் கிளம்பிப் போய் மாலையில் திரும்பும் விருந்தாளிக்கு மரியாதை உண்டு. நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத விருந்தாளியைச் சுற்றித்தான் வீட்டைப் பெருக்க வேண்டியிருக்கிறது. யுஸ்னிமார் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. ஆனால் சில நாட்களாக அவர் கால்களைத் தூக்கும்வரை விளக்குமாற்றோடு காத்து நிற்கிறாள்.

அக்காள் தங்கைகள் இருக்கும் தாய்வீட்டில் அவர் வேறு ஆள். அங்கே அவர் குடிக்குத் தலைவர், பட்டப்பெயர் டத்துக் ராஜோ அமே. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எருமை வெட்டி, ஊரைக் கூட்டி, அவருடைய தாய்மாமன் இறந்து காலியான பட்டத்தை அவர் தலையில் வைத்தார்கள். அன்று வளர்க்கத் தொடங்கிய மீசை. டத்துக் என்பவர் தெருவில் ஓடமாட்டார், தலையில் சுமை தூக்கமாட்டார், ஒரு முறை சொன்னதை மறுமுறை மாற்றிச் சொல்லமாட்டார். இதில் எதையும் அவர் இதுவரை மீறியதில்லை.

மீசையை எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ததற்கு நேர்த்தி காரணமல்ல. ஓட்டல் வாசலில் ஒரு டத்துக் பெட்டி தூக்குவதை ஊரார் பார்த்துவிடக் கூடாது; மீசை போனால் சட்டென்று அடையாளம் தெரியாது. விண்ணப்பத்திலும் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் பெயரை எழுதியிருந்தார். எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினார்.

கத்தியை வைத்து இழுத்தார்.

வெளியே வந்தபோது யுஸ்னிமார் சிரிக்கத் தயாராக நின்றாள். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "சரி, சட்டையப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேர்காணல் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்தெல்லா என்ற பெண் ஜகார்த்தாவிலிருந்து வந்தவள். அடுத்தவன் மேலாளர் ஹெந்த்ரி, முப்பத்தைந்து வயதிருக்கும். இந்தப் பக்கத்துக்காரன் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

ஸ்தெல்லா விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், மீசை எங்க?"

"மழிச்சிட்டேன்."

"ஐயோ! அதுக்காகத்தானே கூப்பிட்டோம்!" அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஹெந்த்ரி, பாத்தியா? இதத்தான் நான் சொன்னேன், விளம்பரத்துல தெளிவா போடுன்னு."

ஹெந்த்ரிக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "அண்ணே, பெட்டி தூக்குற வேலை இல்ல. கறுப்பு உடுப்பு, தலைத்துணி, இடுப்புல குத்துவாள், அப்படியே டத்துக் மாதிரி வாசல்ல நிக்கணும். வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லணும், போட்டோவுக்கு நிக்கணும். அவ்வளவுதான்."

ஜுல்பஹ்ரி வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். ஒளிப்பதற்காக எதை மழித்தாரோ அதைத்தான் இவர்கள் தேடியிருக்கிறார்கள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றான் ஹெந்த்ரி. "உங்களுக்குப் பட்டம் எதுவும் இல்லையே? உண்மையான டத்துக்க வாசல்ல நிறுத்தினா ஊரு எங்கள சும்மா விடாது. என் மாமா ஒருத்தரே போதும், ஓட்டலக் கொளுத்திடுவாரு."

வேண்டாம் என்று எழுந்துவிட அந்த நொடியில் இடமிருந்தது. அந்த நொடியில் அவர் நினைத்தது விளக்குமாற்றை.

"இல்ல" என்றார். "எனக்கு எந்தப் பட்டமும் இல்ல."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள் ஸ்தெல்லா. நடனக்குழுவின் பெட்டியிலிருந்து ஒரு ஒட்டுமீசை வந்தது. கறுப்பு உடுப்பு வந்தது. பசை தடவி அவளே ஒட்டிவிட்டாள். பசையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கடைசியாகத் தலைத்துணியைக் கொடுத்தாள்.

"தச்சு வச்ச மடிப்பு பிரிஞ்சு போச்சு சார். சும்மா சுத்திக்குங்க, ஒரு போட்டோவுக்குத்தான்."

ஜுல்பஹ்ரி நாற்காலியில் உட்கார்ந்து துணியை முழங்கால் மேல் விரித்தார். பட்டம் ஏற்கும் முன் மூன்று நாட்கள் பெரியவர்கள் அவரை உட்கார வைத்து இதை மட்டும் செய்யச் சொன்னார்கள். கை வழுக்கினால் பிரித்துவிட்டு முதலிலிருந்து. ஒவ்வொரு மடிப்பும் அதற்கு முந்தியதைவிட விரல்கடை உயரமாகப் படிப்படியாக ஏற வேண்டும். கடைசி முனை நெற்றிக்கு நேராக உள்ளே செருகி மறைய வேண்டும். பட்டம் இல்லாதவன் மடிப்பதில்லை, அவனுக்கு யாரும் காட்டுவதுமில்லை. மனம் வேறெங்கோ இருந்ததால் அவர் கைகள் தம் பாட்டுக்கு வேலையைச் செய்தன. தலையில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரு முறை அழுத்தி, நிமிர்ந்தார்.

ஹெந்த்ரி எழுந்து நின்றிருந்தான்.

"பிரமாதம்!" என்று ஸ்தெல்லா கைப்பேசியைத் தூக்கினாள். "அப்படியே இருங்க சார். ஹெந்த்ரி, நீ ஏன் நிக்கிற? ஓரமாப் போ, படத்துல விழற."

"எடுக்காதீங்க" என்றான் ஹெந்த்ரி. அவளைப் பார்க்காமலே சொன்னான். பிறகு உடம்பைத் தாழ்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, நீங்க எந்த டத்துக்?"

அண்ணே என்றவன், டத்துக்கை அழைக்கும் முறைப்படி மாமா என்கிறான். இரண்டாவது முறை பொய் சொல்ல வாய் திறக்கவில்லை. பட்டத்தை முழுதாகச் சொன்னார். எந்தக் குடி, எந்த ஊர் என்றும் சொன்னார். சொல்லும்போது பசை விட்டு மீசையின் ஒரு பக்கம் கழன்று வாயோரமாகத் தொங்கியது. ஹெந்த்ரி அதைப் பார்த்தான். பார்க்காதவன் போலத் தரையைப் பார்த்தான்.

"என்னை மன்னிக்கணும் மாமா. தெரியாம அண்ணேன்னு கூப்பிட்டுட்டேன்."

மன்னிப்பு கேட்கிறானே! ஒரு திட்டுத் திட்டியிருந்தால், பொய்யன் என்று வெளியே போகச் சொல்லியிருந்தால், நிமிர்ந்தே நடந்திருக்கலாம்.

"வாசல்ல வேண்டாம் மாமா. உள்ள சாமான் அறையில ஒரு இடம் பாக்குறேன். யார் கண்ணுலயும் படாது."

"வேண்டாம்பா."

"இத நான் எங்கயும் பேசமாட்டேன். எங்க மாமாகிட்டகூட."

ஜுல்பஹ்ரி துணியை எடுத்தார். மடிப்பைப் பிரிக்காமல் மேசைமேல் வைக்கப் போனவர், யோசித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து வெறும் துணியாக்கிய பிறகு வைத்தார். ஒட்டுமீசையைப் பிய்த்தபோது தோல் எரிந்தது.

யுஸ்னிமார் வீட்டுக்கு அவர் போகவில்லை. ஊர்வண்டி ஏறித் தாய்வீட்டுக்குப் போனார். தங்கை ரோஸ்மானி சமையலறையில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் கையிலிருந்ததை அப்படியே போட்டாள்.

"அண்ணே! என்ன மூஞ்சி இது? உதட்டுக்கு மேல ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒட்டுமீசை தொங்கியதையும் விடவில்லை. எனக்குப் பட்டம் இல்லை என்று சொன்னதையும் விடவில்லை. ரோஸ்மானி கீழே போட்ட மிளகாயைப் பொறுக்கி எடுத்தாள்.

"யாரு கேட்டா? வெளியூர்க்காரி ஒருத்தி, அந்தப் பையன் ஒருத்தன். அவன்தான் பேசமாட்டேன்னு சொல்லிட்டானே."

"நான் சொன்னத நான் கேட்டேன்ல."

"சரி, இப்ப என்னங்கிற?"

"பட்டத்த எறக்கி வைக்கணும். குடியில எல்லாரையும் கூப்பிடு. யாருக்குக் குடுக்கிறதுன்னு அவங்க பேசி முடிவு பண்ணட்டும்."

"பைத்தியமா உனக்கு? உயிரோட இருக்கும்போதே எறக்கி வச்சா ஊரு காரணம் கேக்கும்."

"கேக்கட்டும். சொல்றேன்."

ரோஸ்மானி எழுந்து போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தாள். குனிந்து அவர் உதட்டுக்கு மேலிருந்த பசைத்துணுக்கைத் தன் தோள்துணி முனையால் துடைத்துவிட்டாள். சின்ன வயதில் அவர்தான் அவளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவர். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு மாசம் பொறு அண்ணே" என்றாள் அவள் மெதுவாக. "மீசை வளர்ந்துடட்டும். அப்புறம் கூப்பிடலாம். இந்த மூஞ்சியோட சபையில உக்கார வேண்டாம்."

"வெள்ளிக்கிழமையே கூப்பிடு" என்றார் ஜுல்பஹ்ரி. "வளர்றதுக்கு முன்னாடி."