எலிக்கு அடைத்த வழி

எங்கள் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மூன்று மோட்டார்களின் மின்பெட்டிகள் ஒரே தகர அறையில் நிற்கின்றன. ஒன்பது ஹீட்டரை நாள் முழுக்க எரியவிட்ட சூடு. எங்கள் நாட்டில் ஜனவரிதான் உச்சக் கோடை; வெளியே நாற்பத்துநாலு டிகிரி. உள்ளே ஐம்பதைத் தாண்டினால் பெட்டி அணையும், தண்ணீர் நிற்கும். அந்த மாதம் மூன்று முறை நின்றது.

பம்ப் பார்க்கும் மெர்லுக்குத்தான் வயிறு எரிந்தது. அவள் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில்தான் முதலில் குழாய் வற்றும்.

நான் எலக்ட்ரீஷியன். கணக்குப் போட்டேன்: வினாடிக்கு ஒன்றரை கனமீட்டர் காற்று. அவ்வளவு சூட்டை வெளியே தள்ள, இருந்த ஃபேனே போதும். ஆனால் காற்று உள்ளே வரும் வழி? போன வருடம் எலிப் படை வயரைத் தின்றபோது கவுன்சில் இஞ்சினியர் ஃபெர்கஸ் அதைத் தகரம் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டார். மகா புத்திசாலி!

"ஃபேன் பத்தல. பெருசாப் போடுவோம்," என்றார் ஃபெர்கஸ்.

"வாயையும் மூக்கையும் பொத்திட்டு நல்லா மூச்சு விடுங்கறியே தம்பி! தகரத்தை எடுத்துட்டுக் கம்பி வலை அடிச்சா எலி எப்படி வரும்?" என்றாள் மெர்ல்.

"நான் இதையே படிச்சிட்டு வந்தவன், மெர்ல்."

யார் இல்லை என்றது?

பெரிய ஃபேன் வந்தது. ஃபெர்கஸ் உள்ளே நின்றுகொண்டு, கதவைச் சாத்தி வெளியே இருந்த ஸ்விட்சைப் போடச் சொன்னார். மெர்ல் போட்டாள். உள்ளிருந்த காற்றை ஃபேன் உறிஞ்ச, வெளிப்பக்கம் திறக்கும் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. தகரச் சுவர் முனகியது.

"மெர்ல்! கதவு தொறக்கல! ஃபேனை அணை!"

"அணைச்சா பெட்டி சூடாயிடுமே. எங்கம்மாவுக்குத் தண்ணி நின்னுடும்ல?" என்றாள் மெர்ல். "கால்கிட்ட தகரம் இருக்கு பாரு. நீ அடிக்கச் சொன்னதுதான். உதை!"

"மெர்ல், தயவுசெஞ்சு!"

"ரெண்டே ஸ்க்ரூதான் ராசா."

மூன்றாவது உதையில் தகரம் பறந்தது. காற்று உள்ளே பாய்ந்தது, கதவு தானே விலகியது. ஐயா தக்காளி நிறத்தில் வெளியே வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, திரும்பி நின்றுகொண்டேன்.

மெர்ல் அன்றே அந்த வழியில் வலை அடித்தாள். பிறகு தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை.

அடுத்த மாதம் ஃபெர்கஸின் அறிக்கை வந்தது: "பெரிய ஃபேன் முழு வெற்றி." மெர்லிடம் படித்துக் காட்டினேன்.

"வெற்றியாவது மண்ணாவது! அதை அன்னைக்குச் சாயங்காலமே கழட்டி மூலையில போட்டுட்டேனே," என்றாள். "ஓடுறது பழசுதான்."