இடுக்கில் காற்று

தம்பியின் பட்டறை வாசலில், கண்ணாடி மூடாமல் உச்சிவெயிலில் கிடந்த சோலார் வாட்டர் ஹீட்டரின் கறுப்புத் தகட்டைத் தொட்ட அக்கா, சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள். அதன் குழாய் வழியே வாளியில் விழுந்த தண்ணீரோ வெதுவெதுப்பாகக்கூட இல்லை. செம்புக் குழாய் தகட்டோடு முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தால்தான் சூடு தண்ணீருக்கு இறங்கும். தம்பி அவசரத்தில் அங்கங்கே மட்டும் பற்றவைக்கச் சொல்லியிருந்தான்.

"நடுவுல எல்லாம் காத்துதான்டா இருக்கு. தண்ணி எப்படிச் சூடாகும்?"

"கண்ணாடியப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது? ஆர்டர் குடுத்த ஆஸ்பத்திரிக்காரங்க சீக்கிரம் கேட்டு உயிரை எடுக்கறாங்க. நீ கொஞ்சம் வாய மூடிட்டு இரு அக்கா."

இருந்தாள். புருஷனை விட்டு வந்தவளுக்குத் தம்பியின் பட்டறைப் பின்னறைதான் வீடு. தகடுகள் ஆஸ்பத்திரி மாடிக்குப் போயின.

தம்பி மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அங்கேதான். மறுநாள் காலை, அக்காவும் தம்பியும் கட்டிலருகே இருந்தபோது, ஆவி பறக்கும் வாளியோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் நர்ஸ்.

"எதுக்கு சிஸ்டர் அடுப்புல காய வெச்சுத் தூக்கிட்டு வர்றீங்க? மேல சோலார் இருக்கே! எங்க வீட்டுக்காரர் செஞ்சதுதான்" என்றாள் பிள்ளை பெற்றவள், முகமெல்லாம் பெருமையாக.

நர்ஸ் வாளியை இறக்கிவைத்தாள். தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படியா? அதுல சுடுதண்ணியே வர்றதில்ல. நேத்து எங்க ஆயாம்மா இதே மாதிரி வாளியோட படியில வழுக்கி விழுந்துட்டாங்க. காலெல்லாம் வெந்துபோச்சு. கீழதான் படுத்திருக்காங்க."

"மேகமூட்டமா இருந்திருக்கும் சிஸ்டர்" என்றான் தம்பி. ஜன்னல் வெயில் கட்டில்வரை நீண்டு கிடந்தது.

"என்ன அண்ணி சொல்றாங்க இவங்க?" தம்பி மனைவி அக்காவைப் பார்த்துக் கேட்டாள். அக்கா வெளியே நடந்தாள். வராந்தாவில் தம்பி பின்னால் ஓடிவந்தான்.

"அக்கா, அந்த ஆயாம்மாகிட்ட போய் எதையாவது உளறிவெச்சிடாதே. பச்சைப் புள்ள பொறந்திருக்கு. பட்டறை போச்சுன்னா நீயும்தான் தெருவுல நிப்பே."

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் வாயை மூடியிருந்தாள். படியிறங்கினாள்.

கீழ்த்தள வார்டில் ஆயாம்மா கண்மூடிக் கிடந்தாள். அவள் மகள், காலில் ஒட்டிக்கொண்ட ஈரத்துணியை மெல்ல மெல்லப் பிரித்து, பிரித்த இடத்தில் வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் நிழலாடியதும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்கக்கா. எங்கம்மாவைத் தெரியுமா உங்களுக்கு?"

அக்கா உட்கார்ந்தாள். மகள் மறுபடி குனிந்து ஊதத் தொடங்கினாள்.