கடைவாய்ப் பல்லும் கண்டக்டர் விசிலும்

காலை ஐந்து ஐம்பது பஸ் காளவாசலில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பின்படியில் நின்றபடி கண்டக்டர் முத்திருளன் கிளாஸிலிருந்த டீயை ஒரு மடக்குக் குடித்தான். பாதி தொண்டைக்குள் இறங்கிற்று. மீதி இடது மூக்கு வழியாக வெளியே வந்து, ஏறிக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவரின் வேட்டியில் விழுந்தது.

"என்னய்யா இது?"

"சளி சார்."

"டீ கலர்லயா வரும் சளி?"

முத்திருளன் விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினான். சத்தம் வரவில்லை. மேல்வரிசையில் கடைவாய்ப் பல் இருந்த குழி வழியாகக் காற்று மேலேறி மூக்கில் புஸ்ஸென்று போயிற்று. பல்லைப் பிடுங்கியது ஞாயிற்றுக்கிழமை. இன்று செவ்வாய்.

பஸ் நகரவில்லை. டிரைவர் லாசர் இரண்டு விசில் கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டார். எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு கண்டக்டரைச் செக்கானூரணியில் விட்டுவிட்டு உசிலம்பட்டி வரைக்கும் போனவர் அவர். அந்த விசாரணைக்குப் பிறகு எடுத்த சபதம்.

"மாப்ள, ஊதுடா!"

"ஊதிட்டேன்ணே."

"எங்க ஊதுன? எனக்குக் கேக்கலையே."

"மூக்குல போயிருச்சு."

மணியடித்தால் போதுமே என்று வாத்தியார் யோசனை சொன்னார். மணிக்கயிறு அறுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் முத்திருளன் கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போய், டிரைவரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தான். நாகமலை புதுக்கோட்டை போவதற்குள் இப்படி ஏழு தடவை நடந்தது.

மதியம் வண்டி நின்ற நேரத்தில், பல்லைப் பிடுங்கிய டாக்டரின் மாடிப்படியை ஏறினான். டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மேல்பல்லு வேருக்கு மேல, கன்னத்துக்குள்ள ஒரு காத்தறை இருக்குப்பா. உம் பல்லு வேரு அதுக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. பல்லு வெளிய வந்துச்சு, வழியும் தொறந்துக்கிச்சு. சில பேருக்கு அப்படி ஆகும்."

"அடைச்சிருங்க சார்."

அடைத்தார். மூன்று தையல். பிறகு ஒரு சீட்டை எடுத்து, செய்யக் கூடாதவற்றைச் சொல்லிச் சொல்லி எழுதினார். பதினாலு நாளைக்கு மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். பீடி கூடாது. எதையும் உறிஞ்சக் கூடாது, ஊதக் கூடாது.

"விசிலு?"

"அதுவும் ஊதுறதுதானப்பா. தையல் பிரிஞ்சா சீழ் பிடிச்சு கண்ணு வரைக்கும் வீங்கிரும். அப்புறம் ஆபரேசன்தான். லீவு போடு."

லீவு போட முடியாது. பஸ் முதலாளி கண்ணுச்சாமியின் மச்சினன் காளை தினமும் காலையில் தலைசீவி, பவுடர் போட்டு, சட்டைப்பையில் சொந்த விசிலோடு ஷெட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எந்தக் கண்டக்டர் இருமினாலும் நிமிர்ந்து பார்ப்பான். போன தை மாதம் மஞ்சள் காமாலையில் எட்டு நாள் படுத்த கண்டக்டர் இப்போது தல்லாகுளத்தில் ஐஸ் வண்டி தள்ளுகிறான். அவனுடைய டிக்கெட் பை காளையின் தம்பியின் தோளில் தொங்குகிறது.

புதன்கிழமை காலையில் பிரச்சினையைத் தீர்த்துவைத்தவள் கருவாட்டுக்காரி சோலையம்மாள். பின்படியை ஒட்டிய சீட்டும், அதன் அடியில் கூடை வைக்கும் இடமும் எட்டு வருஷமாக அவளுடையவை.

"கொண்டாடா அந்த விசில. நான் ஊதுறேன்."

"யக்கா, உனக்குத் தெரியுமா?"

"எட்டு வருசமா கேக்குறேன். ஒண்ணுன்னா நிக்கணும், ரெண்டுன்னா போகணும். இதுல படிக்க என்ன இருக்கு?"

ஊதினாள். பஸ் கிளம்பியது. முன்னாலிருந்து லாசர் கத்தினார்: "மாப்ள, இன்னைக்கு ஊதுறதுல ஒரு அதிகாரம் இருக்குடா!"

உண்மையாகவே அதிகாரம் வந்துவிட்டது. படியில் தொங்கியவர்களை, "உள்ள ஏறு, அப்பத்தான் ஊதுவேன்" என்றாள். வெற்றிலை மென்றுகொண்டிருக்கும்போது பஸ் காத்திருந்தது. சனிக்கிழமை, நாகமலை புதுக்கோட்டைக்கு முன்னால், கருவாடு கடனுக்கு வாங்கிவிட்டுக் கண்ணில் படாமல் திரிந்த ஒருத்தி ரோட்டோரக் குழாயடியில் நிற்பதைப் பார்த்ததும் சோலையம்மாள் சட்டென்று ஒரு விசில் ஊதினாள். லாசர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த அம்பாசிடர் கார் பஸ்ஸின் பம்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. காரிலிருந்து முதலாளி கண்ணுச்சாமி இறங்கினார்.

"இது ஸ்டாப்பாடா? யாரு ஊதுனது?"

"நாந்தேன்," என்றாள் சோலையம்மாள். "அவனுக்கு வாயில ஓட்டை. பாவம், அவன் என்ன செய்வான்?"

முதலாளி அவளையும் விசிலையும் முத்திருளனையும் வரிசையாகப் பார்த்தார். "சாயங்காலம் ஷெட்டுக்கு வா" என்றார்.

சாயங்காலம் ஷெட்டில் காளை காக்கிச் சட்டையோடு நின்றான். முத்திருளன் டாக்டர் சீட்டை நீட்டினான். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார்.

"விசில் ஊத முடியாதவன் கண்டக்டரா? பையக் கழட்டு."

"இன்னும் பத்து நாள்தான் மொதலாளி. அதுவரைக்கும் டிக்கெட்டு மட்டும் போடுறேன். வீட்டுல மூணு பிள்ளைக."

"முடியுமா, முடியாதா? ஊதிக் காட்டு."

முத்திருளன் ஊதினான். தையலின் இடுக்கு வழியாகக் காற்று மூக்கில் புஸ்ஸென்றது. காளை சிரித்தான். முதலாளி பையை வாங்கக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் முத்திருளன் மூக்கின் இரண்டு ஓட்டைகளையும் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப, இரண்டு தடவை ஊதினான். தகரக் கூரை அதிர்ந்தது. ஷெட்டின் கடைசியில் கழுவுவதற்காக லாசர் ஸ்டார்ட் பண்ணி உட்கார்ந்திருந்த பஸ் பழக்கதோஷத்தில் கிளம்பிப்போய்த் தண்ணீர் டிரம்மைச் சாய்த்தது.

"இம்புட்டுச் சத்தத்த வச்சுக்கிட்டா கருவாட்டுக்காரிகிட்ட குடுத்த?" என்றார் முதலாளி.

"ஊதக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு மொதலாளி."

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஊதக் கூடாதுன்னு எழுதலையே?" சீட்டை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அடியில் செருகினார். "நாளைக்கு வண்டிக்கு வந்துரு. விசில் ஒன் வாயிலதான் இருக்கணும்."

காளை காக்கிச் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டு திரும்பவும் பெஞ்சில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை பஸ் நிறைந்து வழிந்தது. இடது கையில் டிக்கெட் கட்டு. பல்லிடுக்கில் விசில். வலது கையால் மூக்கைப் பிடித்தான். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. படி விளிம்பில் முதுகைச் சாய்த்து நின்று இரண்டு தடவை ஊதினான்.

சோலையம்மாள் கூடைக்கும் அவன் மூக்குக்குமாகப் பார்த்தாள்.

"எட்டு வருசமா நாறாத கருவாடு இன்னைக்கு நாறுதாக்கும்?"

"ஐயோ யக்கா, அதில்ல."

"பிறகு என்ன? ஊருக்கு முன்னால மூக்கப் பிடிக்கிற?"

அவன் சொல்ல வாயெடுத்தபோது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தான். கருப்புத் தையல் நூல், கால் அங்குலம். கைக்குட்டையில் வைத்து மடித்தான். கைக்குட்டை சிவந்தது. சோலையம்மாள் அதைப் பார்த்தாள்.

அடுத்த ஸ்டாப்பில் இன்னும் ஒன்பது பேர் ஏறினார்கள். முத்திருளன் மூக்கைப் பிடித்து இரண்டு தடவை ஊதினான். பஸ் வளைவில் திரும்பியது. அவன் குதிகால்கள் படியை விட்டு வெளியே நின்றன. கம்பெனித் தோல்பையின் வார் அவன் தோளிலிருந்து விறைத்து நீண்டிருந்தது. அதன் மறுமுனையைச் சோலையம்மாள் தன் முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கருவாட்டுக் கூடையில் காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்திருந்தாள்.