உள்ளங்கை அரிசி

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். எந்தப் பிள்ளை தூங்குகிறது, எது கள்ளத் தூக்கம் போடுகிறது என்று இமையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கள்ளத் தூக்கத்தில் இமை துடிக்கும். அன்று ஆஸ்பத்திரியில் நான் விழித்துக் கிடந்தேன், பாழாய்ப்போன என் இமை துடிக்கவேயில்லை.

நானும் என் வீட்டுக்காரர் விஜேந்திரனும் ஆட்டோவில் பதுளைக்குப் போகும்போது, மழையில் மண்மேடு சரிந்து எங்கள் மேல் விழுந்தது. எனக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, உடனே ஆபரேஷன் என்றார்கள். மயக்க மருந்து ஏறும்போது, "அவரு எப்படி இருக்காரு?" என்றுதான் கேட்டேன். பதில் காதில் விழவில்லை.

நினைவு திரும்பியபோது தொண்டையில் குழாய் இருந்தது. எனக்காக ஒரு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது. கத்தப் பார்த்தேன், உதடு அசையவில்லை. கை, கால், கண் எதுவுமே என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்போது கொழுந்தன் யதுர்ஷனின் குரல் கேட்டது. நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வந்திருக்கிறான்.

"அண்ணி, அண்ணன் போயிட்டாரு."

நெஞ்சு வெடித்தது. வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது.

"ஒருக்கா கண்ண தொறங்க அண்ணி. முழிச்சிருந்தா அண்ணன கொண்டாந்து காட்டலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. வாசல்ல வண்டி நிக்குது. மண்ணு சரியுதுன்னு தோட்டத்து ரோட்ட மூடப்போறாங்களாம். இப்ப போகாட்டி அண்ணன வீட்டுக்கே கொண்டு போக முடியாது."

நான் இங்கேதான் இருக்கிறேன், கூட்டிக்கொண்டு வா, கூட்டிக்கொண்டு வா என்று உள்ளுக்குள் அலறினேன். அவன் விசும்பினான். பிறகு என் கையை விரித்து ஏதோ வைத்தான். அரிசி. வாய்க்கரிசி.

"நீங்க தொட்டுக் குடுத்தா போதும் அண்ணி. நான் போட்டுடுறேன்."

என் விரல்களை மடக்கிவிட்டான். அவை தானாக விரிந்தன. அரிசி படுக்கையில் கொட்டியது. மறுபடி மடக்கினான், மறுபடி கொட்டியது. ஒரே ஒரு விரலை அசைத்தால் அவரைப் பார்த்துவிடலாம். உயிரையெல்லாம் அந்த விரலுக்கு அனுப்பிப் பார்த்தேன், முடியவில்லை.

"நர்ஸம்மா, கண்ணுல தண்ணி வருது."

"மயக்கத்துல அப்படித்தான் வரும் தம்பி."

அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, அரிசியைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

எவ்வளவு நேரமோ தெரியாது. மயக்க மருந்து குடுக்கும் டொக்டர் கம்சலா வந்து ஊசி போட்டார். மெல்ல மெல்ல விரல் மடங்கியது. உள்ளங்கையில் ஒற்றை அரிசி ஒட்டியிருந்தது.

மறுநாள் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு டொக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஆபரேஷனுக்கு உடம்பைத் தளர்த்த ஒரு மருந்து குடுக்கிறனாங்கள் அம்மா. அதை முறிக்க ரெண்டு மருந்து இருக்கு. உங்களுக்குப் போட்டது பழசு, அது தசைக்குக் கொஞ்சமாவது தெம்பு வந்த பிறகுதான் பிடிக்கும், அதுவரைக்கும் காத்திருக்க வேணும். புதுசு அப்பிடியில்லை, தளர்த்தின மருந்தையே வளைச்சுப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிடும்."

"புதுச குடுத்திருந்தா?"

"ரெண்டு மூண்டு நிமிசத்தில கண் திறந்திருப்பீங்கள்."

"ஏன் குடுக்கல?"

"அது கொஞ்சம்தான் இருக்கு, மூச்சுத் திணறுற ஆக்களுக்கெண்டு வச்சிருக்கிறம். உங்களுக்கு மெஷின்ல மூச்சு ஒழுங்காப் போனது. நித்திரை கலைஞ்சது எனக்குத் தெரியாது அம்மா. அவசரமில்லை எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அறைந்திருப்பேன். ஆனால் அவரே அழுதுகொண்டிருந்தார். அவசரமில்லையாம். வாசலில் என் புருஷன் கிடந்தார்.

ரோடு திறந்த பிறகு யதுர்ஷன்தான் என்னை லயத்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். தேயிலை மலைக்குக் கீழே, புது மண் குவித்திருந்த இடத்தைக் காட்டினான். முடிந்து வைத்திருந்த அந்த ஒற்றை அரிசியை மண்ணில் வைத்தேன். அவன் பக்கத்திலேயே நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். மண்ணைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணி, அன்னைக்கு உங்க கண்ணுல தண்ணி வந்துச்சே. நான் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்று சொன்னால், அவரைக் காட்டாமல் கொண்டுபோனதை நினைத்து நினைத்தே இவன் செத்துப்போவான்.

"இல்ல தம்பி," என்றேன். "நல்லா தூங்கிட்டேன்."