சாவடி எடுத்த வாரம்

1954 ஐப்பசியில் எல்லைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது என்று திண்டிவனம் கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். சௌந்தரமும் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் அங்கே ஒரு பெண்கள் விடுதியின் பொறுப்பாளர். வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட பெண்களை மீட்டுவர ஐரோப்பாவிலிருந்து ஒரு சங்கம் பணம் அனுப்பியது. விடுதி அதில்தான் நடந்தது. பொம்மையார்பாளையத்து வீரம்மாளின் மகள் பொன்னியை வீட்டுவேலைக்கென்று அழைத்துப்போன ஒருத்தி, புதுச்சேரியில் விற்றிருந்தாள். எந்த வீடு என்பதும் தெரிந்துவிட்டது. பிரெஞ்சுச் சட்டத்தில் வக்கீல் இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட முடியாது. சங்கத்துப் பணத்தில் வக்கீலும் பேசியாயிற்று.

சாவடி எடுப்பதற்கு முன் சங்கத்துக்கான மனுவில் "வெளிநாடு" என்று எழுதியபோது வீரம்மாள் அந்த நிலையிலும் சிரித்தாள். "நான் மீன் கூடையோட தெனம் வெளிநாடு போய்க்கினு வர்றவளா? சொல்லவே இல்லியே!"

சாவடி எடுத்த அந்த வாரமே சங்கத்தின் சென்னைச் செயலாளர் சக்கரபாணி வந்தார். உட்காராமலே சொன்னார்.

"பொன்னி கேசுக்கு இனிமே பணம் வராதும்மா. புதுச்சேரி இப்ப நம்ம ஊரு."

"பொண்ணு அதே வீட்டுலதாங்க இருக்கா."

"எனக்குத் தெரியாதா? விதி அப்படி. எல்லை தாண்டியிருக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "அங்கேருந்து வெளிநாட்டுக்கு, சைகோனுக்குக் கப்பல் ஏத்தியிருந்தா கேட்டுப் பாக்கலாம்."

சேதி கேட்க வந்த வீரம்மாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

"அப்போ, அவள கப்பல் ஏத்துற வரைக்கும் பாத்துக்கினு இருக்கணுங்களா ஐயா?"

சக்கரபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சௌந்தரம் செருப்பை மாட்டினாள். "பொட்டலத்த வச்சிட்டு வா, வீரம்மா."

"வக்கீலு?"

"இல்ல."

"போலீசு?"

"போயிக் கேப்போம். ஜல்தி நட, பஸ்சு போயிடும்."

எல்லையில் தடுப்புமரம் சாலையோரம் கிடந்தது. முன்பெல்லாம் அங்கே எல்லோரும் இறங்கவேண்டும், மூட்டையை அவிழ்த்துக் காட்டவேண்டும். பழக்கத்தில் வீரம்மாள் எழுந்து நின்றாள்.

"குந்து பெரியம்மா, குந்து," என்றார் கண்டக்டர். "இனிமே இங்க யாரையும் நிறுத்த மாட்டாங்க."

எதிரே ஒரு கார் வந்தது. சன்னல்களில் திரை; உள்ளே யார் என்று தெரியவில்லை. வேகம் குறையாமல் சென்னைப் பக்கம் போயிற்று.

சௌந்தரம் அது மறையும்வரை திரும்பிப் பார்த்தாள். வீரம்மாள் முன்னால் தெரிந்த ஊரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.